சமுராய் என்றால் பைக்

முதல் நாள்: ஒசாகா

எங்கள் வீட்டுக்கு ஜப்பான் வந்தது 1983-இல். சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரிய மாமா லீவில் வந்தபோது, கைலிகளுக்கு நடுவே பொதிந்து எடுத்துவந்த இரண்டு ஸ்பீக்கர் நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டர்தான் அது. பட்டுக்கோட்டையில் எங்கள் தெருவே திரண்டுவந்து பார்த்தது. பாட்டைப் போடுவதற்கு முன்னால் மாமா பெட்டியைக் கவிழ்த்து, பின்பக்கம் ஒட்டியிருந்த சின்னத் தகட்டைக் காட்டினார். ‘மேட் இன் ஜப்பான். நல்லாப் பாத்துக்குங்க. ஒரிஜினல் ஜப்பான் பீஸு.’

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘சப்பான் சாமானா? நாலு நாள்ல பல்லிளிச்சிரும்.’

எல்லோரும் சிரித்தோம். அப்பாயிக்கு உலகம் தெரியாது என்று நினைத்தோம். டேப் ரெக்கார்டர் பல்லிளிக்கவில்லை. அம்மா தைத்த பூப்போட்ட உறையோடு பதினெட்டு வருஷம் பாடியது. ஆனால் அப்பாயி சொன்னதும் பொய்யில்லை, அவள் இளம்வயதில் வாங்கிய ஜப்பான் சாமான் அப்படித்தான் இருந்தது என்று வெகு காலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. ஒரே வீட்டில் இரண்டு ஜப்பான்கள். இரண்டு பேருமே அந்த மண்ணை மிதித்தவர்கள் இல்லை, ஒரு ஜப்பான்காரரிடமும் பேசியவர்கள் இல்லை.

அந்த இரண்டு ஜப்பானையும் தேடித்தான் இந்த ஏழு நாள். கோயில், புஜி மலை, செர்ரிப் பூ எதுவும் பட்டியலில் இல்லை. ஜூன் மாதத்தில் செர்ரிப் பூ எப்படியும் கிடையாது, மழைதான். கன்சாய் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் வந்து இறங்கியதும் ஒரு கடையில் பிளாஸ்டிக் குடை வாங்கினேன். ஜப்பான் குடையாயிற்றே என்று நம்பிக்கையோடு விரித்து இரண்டு தெரு நடப்பதற்குள் காற்றில் மடங்கிக் கிண்ணம் ஆனது. கம்பியை நிமிர்த்தும்போது கைப்பிடியில் இருந்த எழுத்தைப் பார்த்தேன்: சீனத் தயாரிப்பு. ‘அதானே பார்த்தேன்’ என்று மனசு உடனே சமாதானம் ஆனது. ஆன பிறகுதான் உறைத்தது, இப்போது பேசியது அப்பாயி.

இரண்டாம் நாள்: கதோமா

ஒசாகாவிலிருந்து கெய்ஹான் ரயிலில் நிஷிசான்சோ நிலையம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பானாசோனிக் மியூசியம். 2018-இல் கம்பெனிக்கு நூறு வயது ஆனபோது திறந்தது. கட்டணம் இல்லை. கம்பெனியை நிறுவிய கொனோசுகே மட்சுஷிடா தொழில் தொடங்கிய சின்ன வீட்டை உள்ளே அப்படியே கட்டிவைத்திருக்கிறார்கள். மண் தரையில் உட்கார்ந்து அவரும் மனைவியும் மின்விளக்குப் பிளக்குக்குப் பாகங்கள் செய்த இடம். நம் ஊரில் அப்பளம் இடுகிற வீடுகளை எனக்கு ஞாபகப்படுத்தியது.

நான் தேடியது ‘நேஷனல்’ என்ற எழுத்தை. 1927-இல் வந்த சதுரமான சைக்கிள் விளக்கில்தான் அந்தப் பெயரை முதலில் போட்டார்கள். பெயர் யாருக்கும் தெரியாது என்பதால் 10,000 விளக்குகளைக் கடைகளுக்கு இனாமாகவே கொடுத்தாராம். அமெரிக்காவில் ‘நேஷனல்’ என்ற பெயரை வேறு யாரோ முன்பே பதிந்துவைத்திருந்ததால், அங்கே அனுப்பிய ஸ்பீக்கர்களுக்கு 1955-இல் ‘பானாசோனிக்’ என்று இன்னொரு பெயர் வைக்க வேண்டிவந்தது. மாமா பெட்டியில் ஏன் இரண்டு பெயர் என்ற நாற்பது வருஷச் சந்தேகம் தீர்ந்தது. நானும் தம்பியும் ‘நேஷனல்’ இனிஷியல், ‘பானாசோனிக்’ பெயர் என்று முடிவு கட்டியிருந்தோம்.

வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். மொழிபெயர்ப்புச் செயலியில், ‘எங்கள் ஊரில் ஜப்பான் என்றாலே நேஷனல்தான்’ என்று தட்டிக் காட்டினேன். படித்துவிட்டுப் புன்னகைத்து, ‘என் பாட்டி வீட்டுக் குக்கரில் அந்தப் பெயர் இருக்கும்’ என்று பதில் காட்டினாள். 2008-இல் கம்பெனி மட்சுஷிடா என்ற தன் பெயரையே பானாசோனிக் என்று மாற்றிக்கொண்டது. ‘நேஷனல்’ மெல்ல மறைந்துபோனது. நான் நாற்பது வருஷமாகச் சுமந்துவந்த ஜப்பான், ஜப்பானில் இப்போது பாட்டி வீட்டுச் சாமான்.

பேட்டரி அலமாரிக்கு முன்னால் நின்றபோது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நம் நிப்போ பேட்டரியும் மட்சுஷிடா கூட்டில் 1970-களில் வந்ததுதான். செய்தது நெல்லூரில். ஆனால் டார்ச்சுக்கு நிப்போ போட்டவர்கள் யாரும் ஜப்பானை நினைத்ததாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள்: நகோயா

இன்று முழுக்க ஒரே இடம். நகோயாவிலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி சாகோ. அங்கே 1911-இல் சாகிச்சி தொயோதா தொடங்கிய நெசவாலையின் சிவப்புச் செங்கல் கட்டடம் இப்போது, அந்தக் குடும்பமே பின்னால் தொடங்கிய டொயோட்டா கார் கம்பெனியின் தொழில்நுட்ப மியூசியம். கார் பார்க்க வந்தவர்களை முதலில் தறிக் கூடத்துக்குள் விடுகிறார்கள். பாதிப் பேர் முகம் சுருங்குகிறது. நான் சொந்த ஊருக்கு வந்த மாதிரி நின்றேன். விசைத்தறிகள் ஓடும் சோமனூரில் என் சிநேகிதன் வீட்டில் தங்கியபோது ராத்திரி முழுக்கக் கேட்ட அதே சத்தம், அதே எண்ணெய் வாசனை.

நடுவில் இருப்பது ‘ஜி’ வகைத் தானியங்கித் தறி, 1924-இல் வந்தது. சாம்பல் நிறச் சீருடை அணிந்த பெண் ஒருவர் அதை ஓட்டிக் காட்டினார். குறுக்கே ஓடும் ஊடை நூல் தீரும் நேரத்தில் தறி நிற்காமலேயே அந்த நூலைச் சுமந்து ஓடிய பழைய நாடா வெளியே விழுகிறது, புது நாடா உள்ளே போகிறது. கண் சிமிட்டினால் தவறிப்போகும். மூன்று தடவை ஓட்டிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அப்புறம் அவர் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்றை வேண்டுமென்றே அறுத்தார். ஒவ்வொரு பாவு நூலும் ஒரு மெல்லிய தகட்டைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. நூல் அறுந்தால் தகடு கீழே விழும், விழுந்த தகடு தறியை நிறுத்திவிடும். அறுத்ததும் டக்கென்று கூடமே அமைதி ஆனது. சிரத்தை இல்லாமல் ஒரு விரற்கடைத் துணிகூட நெய்யாமல் நிற்கிற இரும்பு. அந்த மௌனத்தைக் கேட்கத்தான் நான் வந்திருந்தேன் போல.

1929-இல் இந்தத் தறியின் காப்புரிமையை விலை கொடுத்து வாங்கியது இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ், 1,00,000 பவுனுக்கு. உலகத்துக்கே நெசவு எந்திரம் விற்ற ஓல்டம் ஊர்க் கம்பெனி அது. வாத்தியார் மாணவனிடம் நோட்டு வாங்கிப் படித்த மாதிரி. ஆனால் அந்தச் செய்தி எந்தக் கடைத்தெருவுக்கு வந்தது? நம் பக்கம் வந்தது மலிவு விலை ஜப்பான் துணிதான். இங்கிலாந்தின் லங்காஷயர் துணியை அடித்துத் தள்ளுகிற விலை. பயந்துபோன பிரிட்டிஷ் இந்திய அரசு 1933-இல் அதன் மேல் 75 சதவீதம் வரி போட்டது. பதிலுக்கு ஜப்பான் ஆலைகள் இந்தியப் பஞ்சை வாங்க மாட்டோம் என்று நிறுத்தின. மறு வருஷம் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள். அப்பாயி சாயம் போகிறதா என்று முந்தானை நுனியை எச்சில் தொட்டுப் பார்த்தது அந்தத் துணியைத்தான். ஏழைக்கு ஏற்ற விலைக்கு நெய்தால் ஏழைத் துணிதானே வரும்? அதைச் செய்தவனுக்கு நல்ல தறி செய்யத் தெரியாது என்று எங்கள் திண்ணை தீர்ப்பு எழுதிவிட்டது. ஒரு நாட்டின் மட்டமான சரக்கு கப்பலேறி முதலில் வந்துவிடுகிறது. நல்ல சரக்கு வருவதற்குள் பெயர் கெட்டுப்போகிறது, அதைத் திருத்த ஒரு தலைமுறை ஆகிறது.

அந்தத் தலைமுறை சும்மா இருக்கவில்லை. 1950-இல் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல்காரரை அழைத்துத் தரக் கட்டுப்பாடு பற்றிப் பாடம் கேட்டார்கள். அவர் பெயரில் 1951-இல் பரிசும் ஏற்படுத்தினார்கள். அந்தப் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது சென்னைப் பாடியின் சுந்தரம் கிளேட்டன், 1998-இல். அந்தச் செய்தி வந்தபோது அப்பாயி இல்லை.

பரிசு வைத்த உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்றும் இல்லை. 1957-இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய டொயோட்டாவின் டொயோபெட் கிரவுன் கார் அங்கே நெடுஞ்சாலை வேகத்துக்குத் தாங்காமல் சூடேறித் திணறியது. விற்பனையையே நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. கார் கூடத்தில் அந்தக் கதையைத் தேடினேன். தறி கூடத்தில் நின்ற நேரம் அதிகம், மூடுகிற மணி அடித்துவிட்டார்கள்.

நான்காம் நாள்: ஹமாமட்சு

நகோயாவுக்கும் தோக்கியோவுக்கும் நடுவில் உள்ள இந்த ஊரை ஷின்கன்சென் அதிவேக ரயிலின் ஜன்னலில் பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள். விலாங்கு மீனுக்குப் பெயர் போன ஊர். சுஸூகி, யமஹா, ஹோண்டா மூன்றும் முளைத்த ஊர். சுஸூகியும் 1909-இல் தறி செய்யத்தான் தொடங்கினார்கள். ஆக நேற்றைய கதையின் இரண்டாம் பாகம்.

சுஸூகி வரலாற்றுக் கூடத்துக்கு முன்பதிவு தேவை. உள்ளே 1979-இன் ஆல்டோ நிற்கிறது, அப்போது விலை 4,70,000 யென். முன்னால் போய் நின்றதும் கை தானாகக் கதவுப்பிடிப் பக்கம் போனது, எங்கள் டாக்டரின் மாருதி 800! 1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி இதன் உடன்பிறப்பு. பட்டுக்கோட்டையில் அம்பாசடரின் கதவை அறைந்து சாத்திப் பழகியவர்கள், டாக்டர் வண்டிக் கதவையும் அதே வேகத்தில் அறைவார்கள். ‘மெதுவா, மெதுவா! ஜப்பான் வண்டி, தகரம் மெல்லிசு’ என்று கத்துவார். அவரே பத்து வருஷம் கழித்து, ‘ஜப்பான் வண்டி, ஒண்ணும் ஆகாது’ என்றார். வண்டி அதேதான்.

பைக் வரிசையில் இன்னொரு கூத்து நினைவுக்கு வந்தது. ஓசூரில் டிவிஎஸ் கூட்டில் 1984-இல் இந்த்-சுஸூகி வந்தது. அப்புறம் வரிசையாகச் சமுராய், ஷோகன், ஷாவ்லின். நான் கல்லூரியில் படித்தபோது சமுராய் என்றால் பைக். வாள் பிடித்த வீரன் என்று ஒரு வாத்தியார் சொன்னபோது, பைக் பெயரை வைத்துக் கதை விடுகிறார் என்றே நினைத்தேன். ஷோகன் என்றால் படைத்தலைவன் என்பதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டோம். ஷாவ்லின் ஜப்பானே இல்லை, சீனத்துக் கோயில். ஓசூரில் யாருக்கும் அது உறுத்தவில்லை, வாங்கிய எங்களுக்கும் உறுத்தவில்லை. கண் சற்று இடுங்கிய, சண்டை போடுகிற, கெட்டுப்போகாத ஏதோ ஒரு கிழக்கு. அவ்வளவுதான் எங்கள் ஜப்பான். 2001-இல் அந்தக் கூட்டு முறிந்தது. என் மச்சினன் இன்னும் ஒரு சமுராய் வைத்திருக்கிறான், உதிரிப்பாகம் தேடிப் புதுப்பேட்டையில் அலைகிறான்.

விலாங்கு சாப்பிடவில்லை. விலையைப் பார்த்துவிட்டு நூடுல்ஸ்.

ஐந்தாம் நாள்: யோகோஹாமா

மழை. யமாதே மேட்டில் உள்ள தகர பொம்மை மியூசியம். சாவி கொடுத்தால் ஓடுகிற ரயில், மத்தளம் அடிக்கிற குரங்கு, கண்ணை உருட்டுகிற ரோபோ.

போர் முடிந்த 1945 டிசம்பரிலேயே ஒட்சு ஊரில் ஒருவர் தகர ஜீப் பொம்மை செய்து விற்றார். தகரத்துக்கு எங்கே போவது? அமெரிக்கப் படை தின்றுவிட்டு எறிந்த உணவு டப்பாக்கள். தோற்கடித்தவனின் குப்பையில் தோற்கடித்தவனின் வண்டியைச் செய்து, தோற்றுப்போன பிள்ளைகளுக்கு விற்றிருக்கிறார். 1947-இல் ஏற்றுமதி திறந்ததும் இந்தப் பொம்மைகள் கப்பலேறின. அடியில் முத்திரை: ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’. 1952 வரை இந்த முத்திரை இருந்தது. பொம்மையைத் திருப்பிப் பார்த்த அமெரிக்கப் பிள்ளைக்கு அதுதான் ஜப்பானின் முழுப்பெயர். இன்று அந்த முத்திரை இருந்தால்தான் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

கால் நனைந்துவிட்டது. இன்றைக்கு இவ்வளவுதான்.

ஆறாம் நாள்: தோக்கியோ

கவாசாகியில் வேலை பார்க்கும் அத்தை மகன் இன்று லீவு போட்டுவிட்டு வந்தான். பன்னிரண்டு வருஷமாக இங்கே. கின்சாவில் நடந்தோம். அவனிடம் சோனி கதையைச் சொன்னேன். 1955-இல் ஒரு பெரிய அமெரிக்கக் கடிகாரக் கம்பெனி 1,00,000 ரேடியோ கேட்டதாம், தன் பெயரைப் போட்டுக் கொடுத்தால் போதும் என்று. சோனியின் மொத்த மூலதனத்தைவிடப் பெரிய ஆர்டர். சோனியை நிறுவியவர்களில் ஒருவரான அகியோ மோரிட்டா வேண்டாம் என்றார். ஆனால் அதே மோரிட்டாதான் ஆரம்பத்தில் ‘மேட் இன் ஜப்பான்’ என்ற எழுத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக அச்சிட்டவர். அமெரிக்கச் சுங்கத்தார் பெரிதாக்கச் சொன்னார்களாம். அவரே பின்னால் ஒப்புக்கொண்டது இது.

‘மாமா பெட்டியைக் கவுத்துக் காட்டுனாரே, அந்த எழுத்தையா மறைச்சாங்க?’ என்றான். அதேதான்.

கின்சாவில் செய்க்கோ மியூசியமும் இருக்கிறது. 1969 டிசம்பர் 25 அன்று விற்பனைக்கு வந்த உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம், 4,50,000 யென். எனக்கு நினைவு வந்தது அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி. பெங்களூரில் செய்தது, 1961-லிருந்து சிட்டிசன் கூட்டில். உள்ளே ஓடியது ஜப்பான் நுட்பம். அதை அப்பா ‘நம்ம வாட்ச்’ என்றுதான் சொல்வார். சிங்கப்பூர் போய்வந்தவர் கையில் செய்க்கோ ஃபைவ் மின்னினால், ‘ஜப்பான் வாட்ச்சுன்னா சும்மாவா’ என்பார்.

மத்தியானம் ஷின்ஜுகுவில் நகமுராயா என்ற சாப்பாட்டுக் கடை. புரட்சிக்காரர் ராஷ் பிஹாரி போஸ் 1915-இல் தப்பி வந்து, இந்தக் கடைக்காரர் வீட்டில் ஒளிந்து, அந்த வீட்டு மகளையே கட்டிக்கொண்டார். 1927-இல் அவர் சொல்லிக்கொடுத்த கோழிக் கறிக்குழம்புதான் இங்கே ‘இந்தியக் கரி’. நேதாஜியிடம் சிங்கப்பூரில் இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையை ஒப்படைத்தவர் என்றுதான் நமக்குத் தெரியும். இங்கே கேட்டால் குழம்பு. ருசி பரவாயில்லை. இங்கே நான் இந்தியா என்று சொன்ன ஐந்து பேரில் நான்கு பேர் முகம் மலர்ந்து ‘கரி!’ என்றார்கள். முதல் இரண்டு தடவை எரிச்சலாக இருந்தது. அப்புறம் சமுராய் பைக்கை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அவன் வீட்டுப் பக்கத்து சூப்பர் மார்க்கெட். பூண்டு வாங்கப் போனோம். ஒரு பக்கம் உள்நாட்டு அவோமோரிப் பூண்டு, ஒரே ஒரு பூண்டு தனிப் பையில், 298 யென். பக்கத்திலேயே சீனப் பூண்டு, வலைப்பையில் மூன்று சேர்ந்து 128 யென். எங்களுக்கு முன்னால் நின்ற பாட்டி சீனப் பூண்டை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், வைத்துவிட்டு அவோமோரியை எடுத்தார். ‘இங்க எல்லாரும் இப்படித்தான் அத்தான். 2008-ல சீனாவுலேர்ந்து வந்த கொழுக்கட்டை மாதிரி ஒரு ஐட்டத்துல பூச்சிமருந்து இருந்துச்சு, சில பேருக்கு முடியாமப் போச்சு. அதுலேர்ந்து பயம்’ என்றான். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் நம் ஊரில் ‘சைனா செட்’ என்று சொல்லிக்கொண்டே சீனத்தில் செய்த போனில் பேசுகிற மாதிரிதான். அந்தப் பாட்டியின் கைக்குடையும் பையும் எங்கே செய்ததாக இருக்கும்?

மீன் பகுதியில் இறால் தட்டு, மேலே ‘இந்தியா’ என்று எழுதியிருந்தது. யாராவது எடுக்கிறார்களா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒருத்தி எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், கூடையில் போட்டாள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஏழாம் நாள்: யனகா

ராத்திரி விமானம். காலையில் அத்தை மகன் மாப்பிள்ளையோடு நிப்போரியில் இறங்கி யனகா இடுகாட்டு வழியாக நடந்தோம். இடுகாடு என்றால் பயப்பட ஒன்றுமில்லை, மரங்களும் பூனைகளுமாக அமைதியான இடம். ஓரத்தில் கல்லறைக் கல் செதுக்குகிற கடைகள். ஒன்றின் வாசலில் உள்ளங்கை அகல மாதிரிக் கற்கள் வரிசையாக வைத்திருந்தார்கள். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். இந்தியா என்றதும் அவர் ‘கரி’ என்று சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு கறுப்புக் கல்லை எடுத்துவந்தார்.

‘குன்னாமு’ என்றார்.

எனக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை கேட்டுவிட்டுச் சிரித்தான். ‘குன்னம், அத்தான். நம்ம குன்னம்.’ பெரம்பலூர்க் குன்னம் இல்லை, திண்டிவனம் பக்கத்துக் குன்னம். அங்கே வெட்டுகிற கருங்கல்லுக்கு இங்கே கல்லறைக் கடைகளில் பெரிய மதிப்பாம். பெரியவர் கல்லின் மேல் ஒரு கை நீரைத் தெளித்தார். முத்துமுத்தாக நின்று வழிந்தது, ஒரு துளியும் இறங்கவில்லை. மழைக்கு வெடிக்காது, பேரன் காலத்திலும் கறுப்பு மாறாது, மற்ற ஊர்க் கறுப்பு சில வருஷத்தில் வெளுக்கும் என்றார். சாயம் போகாது என்று அப்பாயி பாஷையில் மொழிபெயர்த்துக்கொண்டேன். துடைத்த கல்லில் என் முகமும் அவர் முகமும் தெரிந்தன.

சென்னையை அவருக்குத் தெரியவில்லை. தமிழ்நாடு என்ற சொல்லைப் பட்டியலில் படித்திருக்கிறார். முப்பது வருஷமாக அந்த ஊர்க் கல்லைத் தடவிப் பார்த்தே ஊரைப் பற்றி ஒரு எண்ணம் வைத்திருக்கிறாராம். அதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினான், சிரிப்பை அடக்க முடியவில்லை.

‘அந்த ஊர்க்காரங்க ரொம்ப அமைதியானவங்களா, எதுக்கும் அவசரப்படாதவங்களா இருப்பாங்கன்னு நெனச்சுக்குவாராம். அத்தான், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியாத் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிறதை இவருக்கு நான் எப்படிச் சொல்றது?’

சொல்ல வேண்டாம் என்றேன்.